நரிக்கு எடுத்த பாஸ்போர்ட் போட்டோ

செல்போன் எல்லார் கைக்கும் வந்து சேராத, கேமராவுக்குள் பிலிம் ரோல் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஆந்திரச் சித்தூரில் எனக்கு நடந்தது இது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கத் தெருவில் எங்கள் ஸ்டுடியோ. என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் டிரைவர் வேலைக்குக் குவைத் போன பிறகு கேமரா என் கைக்கு வந்தது. பொம்பளை போட்டோ எடுக்கிறாளாமே என்று முதலில் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பிறகு வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்றால் என்னைத்தான் தேடி வந்தார்கள்.

ஆனால் எனக்குச் சோறு போட்டது பாஸ்போர்ட் போட்டோதான். அப்போது ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. ஒரு வீட்டில் குவைத், அடுத்த வீட்டில் பெங்களூர், பிள்ளை கம்ப்யூட்டர் படித்த வீட்டில் அமெரிக்கா. போகிற ஒவ்வொரு முகமும் என் ஸ்டூலில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் போகும். ‘நேராப் பாருங்க, சிரிக்காதீங்க, ரெண்டு காதும் தெரியணும்’ என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சாமியைக் கும்பிடும்போதுகூட அதுதான் வாயில் வந்தது. கைக்குழந்தைகளுக்கு மட்டும் தனி வித்தை வைத்திருந்தேன். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ‘டொக்’ என்று ஒரு சத்தம் விடுவேன். எப்பேர்ப்பட்ட அழுகுணிக் குழந்தையும் சட்டென்று நிமிர்ந்து பார்க்கும்.

குடும்பப் படம் எடுக்க ஸ்டூலுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். பச்சைப் புல்வெளி, ஓடு போட்ட குட்டி வீடு, குளம், அதில் இரண்டு அன்னம். ‘லண்டன் சீனரி’ என்று அதற்குப் பேர். மாங்காய் லாரி ஓட்டுகிறவர்கூட வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "லண்டன் சீனரி முன்னால நிக்க வையும்மா" என்பார். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை, என் தம்பி லீவுக்கு வந்து போகும் வரை.

தம்பி இங்கிலாந்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். லண்டனிலிருந்து தள்ளி, வயலும் வரப்புமாக இருக்கும் ஏதோ சின்ன ஊர். அங்கே போன பிறகு அவனுக்குப் போட்டோப் பைத்தியம் பிடித்துவிட்டது. அந்த வருஷம் வந்தவன் பெட்டியைத் திறந்ததும் சாக்லேட்டுக்கு முன்னால் போட்டோக்களைத்தான் எடுத்தான். இடுப்பளவு புல்லில் காது விறைத்து நிற்கும் முயல், ஆற்றங்கரையில் மீன்கொத்தி, மஞ்சள் பூ விரிந்த மேடு, பனிக்குள் நிற்கும் மான். அழகு என்றால் அப்படி ஒரு அழகு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவன் வாய் சும்மா இருந்ததா?

"யக்கா, சம்மர்னா இதான் சம்மர். நம்ம ஊர்ல இன்னா கீது? வேர்க்குருவும் தூசியும்தான்."

எனக்குச் சுருக்கென்று தைத்தது. "அந்தத் தூசியில உருண்டவன்தாண்டா நீ. மூக்கு ஒழுகினு மாந்தோப்புல ஓடினத நான் படம் புடிச்சி வெச்சிருந்தா இப்ப காட்டுவேன்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே, புதிது வாங்கிவிட்டதால் தன்னுடைய பழைய ஜூம் லென்ஸை என்னிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறினான். என் கேமராவுக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. கோபம் கோபமாகவே இருந்தாலும், தம்பி எடுத்ததாயிற்றே என்று அவன் முயல் படத்தைப் பெரிதாக்கிக் கடை ஷோகேஸில் மாட்டினேன்.

அங்கேதான் வினை வந்தது. எங்கள் பக்கத்தில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபேக்டரிகள் நிறைய. அதில் ஒன்றின் முதலாளி, ஏதோ வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போவதற்காகப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தார். தெலுங்குக்காரர், ஆனால் எங்களோடு தமிழும் கலந்துதான் பேசுவார். முயலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஏம்மா, வர்ற வருஷம் காலண்டருக்கு இந்த மாதிரி படம்தான் போடணும். ஃபாரின் பார்ட்டிங்களுக்கெல்லாம் அனுப்பறோம் கதா. உன் தம்பிகிட்ட சொல்லி ஒரு செட் வாங்கிக் கொடு."

நான் வாயைக் கட்டியிருக்கலாம். முடியவில்லை. "சார், அது அவங்க வாசல்லயே கீதே. அவங்க முயல அவங்களுக்கே அனுப்பினா யார் மாட்டுவாங்க? நம்ம ஊர் வெயில்காலத்தப் போடுங்க" என்றேன்.

"மன ஊர்லோ ஏமுந்தி?" என்று கையை விரித்தார். நம்ம ஊரில் என்ன இருக்கிறது என்று அவரும் கேட்டுவிட்டார். தம்பி கேட்டால் சண்டை போடலாம். ஃபேக்டரி முதலாளியோடு என்ன செய்வது? "நான் எடுத்துக் காட்றேன் சார்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நுவ்வா? பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறவ நீ" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. கடைசியில், மாங்காய் சீசன் முடிந்து ஃபேக்டரி மூடுவதற்குள் பார்த்தவன் நின்று பார்க்கிற மாதிரி படம் கொண்டுவந்தால் என்னுடையது, இல்லாவிட்டால் தம்பியுடையது என்று முடிவாயிற்று. தோற்றால் என் ஷோகேஸில் இருக்கும் முயலே என்னைப் பார்த்துச் சிரிக்குமே!

நேரம் மட்டும் இருந்தது. ஆஷாட மாசத்தில் தெலுங்குக்காரர் வீட்டில் கல்யாணம் இல்லை. அது முடிவதற்குள் எங்களுக்கு ஆடி பிறந்துவிடும், தமிழ் வீட்டிலும் கல்யாணம் இல்லை. இரண்டு பக்கமும் வேலை பார்க்கிற எனக்கு இரண்டு பக்கமும் ஓய்வு. விடியற்காலை முதல் பஸ் பிடித்துப் போய் எடுத்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். கொத்திய மாங்காயைக் காலில் பிடித்திருக்கும் கிளி, வற்றிய ஏரியில் வரிசையாக நிற்கும் கொக்கு, வெயிலில் செம்பாகக் காயும் பாறை மலை, காற்று மழைக்கு முந்தின கருமேகத்தின் கீழே சிவந்த மண். எடுக்க எடுக்க எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு நாளாக இதையெல்லாம் பஸ் ஜன்னலில் தூங்கி வழிந்தபடி கடந்திருக்கிறேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

பிரிண்டுகளை முதலாளியிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். "பாகுந்திம்மா, பாகுந்தி" என்றார். நன்றாக இருக்கிறதாம். ஆனால் முயல் முன்னால் நின்ற மாதிரி எதன் முன்னாலும் அவர் நிற்கவில்லை. "இதெல்லாம் உள்பக்கத்துக்குச் சரி. முதல் பக்கத்துக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

அந்த ஒன்றைத் தேடித்தான் மாந்தோப்புகள் நிறைந்த பங்காருபாளையம் போனேன். இங்கிலாந்தில் பிராணிகளைப் படம் பிடிப்பவர்கள் இலை நிறத் துணியைப் போர்த்திக்கொண்டு, புதருக்குள் அசையாமல் கிடப்பார்கள் என்று தம்பி சொல்லியிருந்தான். நானும் ஒரு பச்சைப் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு, ரோட்டோரம் இருந்த மாந்தோப்பின் வேலிப் புதருக்குள் நுழைந்து படுத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்ல! மாங்காய் சீசனில், தோப்புப் புதருக்குள் போர்வையோடு படுத்திருப்பவளை யாராவது போட்டோகிராபர் என்று நினைப்பார்களா? கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றிப் பத்து கால்கள் நின்றன. ஒருத்தி கையில் மாங்காய் பறிக்கும் தொரட்டிக்கோல்.

"ஏய், எழுந்திருமே! இன்னா தைரியமா மூடினு பட்துகினு கீறா பாரு திருடி!"

போர்வையை விலக்கிக் கேமராவைக் காட்டினேன். அதையும் எங்கிருந்து திருடினேன் என்று கேட்டார்கள். நல்லவேளை, கூட்டத்தில் இருந்த ஒரு பெண் என் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"அய்யய்யோ, ஸ்டுடியோ அக்காமே இவங்க! எங்க ஊட்டுக்காரருக்குக் கொவைத் போட்டோ எடுத்தவங்க!"

பாஸ்போர்ட் போட்டோ என் மானத்தைக் காப்பாற்றியது. விஷயத்தைச் சொன்னதும் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் தோப்பில் காய் பறித்து, தரம் பிரித்து, லாரி ஏற்றும் கூட்டம். அவர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவள் என் வயதுக்காரி, தொரட்டியோடு நின்றவள் அவள்தான். அடிபட்ட பழத்தையெல்லாம் தோப்பு மூலையில் ஒரு குவியலாகக் கொட்டுவார்களாம். "பொழுது விடிய ஒரு நரி வந்து துன்ட்டுப் போவுதுக்கா. அது முகத்துல முழிச்ச அன்னிக்கு லாரி சீக்கிரம் வருது" என்றாள்.

நரி! நரி முகத்தில் முழித்தால் யோகம் என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? நல்லது நடந்தால் ‘யார் முகத்துல முழிச்சேன்’ என்கிறோம், அதிலும் பெரிய அதிர்ஷ்டம் என்றால் நரி முகம். அதைச் சுவரில் மாட்டினால் எவன் நின்று பார்க்க மாட்டான்? அதுதான் என் முதல் பக்கம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் விடியலில் குவியலுக்கு எதிரே சாக்குப் படுதா கட்டி, அதற்குப் பின்னால் ஒளிந்தேன். வந்தது. சாம்பலும் பழுப்பும் கலந்த உடம்பு, ஒல்லிக் கால், எந்த இலை அசைந்தாலும் நின்று கேட்கும் காது. அழுத்தினேன். பளீர்! கல்யாண மண்டபப் பழக்கத்தில் பிளாஷை மாட்டியபடியே வைத்திருந்தேன். நரி பறந்துவிட்டது. நான் என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு படுதாவுக்குப் பின்னால் எத்தனை விடியல் காத்தாலும் அது வரவில்லை. தூரத்தில் வரப்பு மேல் நின்று படுதாவைப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். குவைத்திலிருந்து போன் செய்த வீட்டுக்காரர் கதையைக் கேட்டுவிட்டு, "ஏன்டி, நரிக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கப் போறியா? கொவைத்துக்கா அனுப்பற?" என்று கிண்டல் செய்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. போனை வைத்துவிட்டேன்.

அன்று கடையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது ஒரு யோசனை வந்தது. கல்யாண வீட்டில் நான் என்ன செய்வேன்? தூரத்தில் நின்று லென்ஸை நீட்டினால் மணப்பெண் மரம் மாதிரி விறைத்துவிடுவாள். அதனால் போனதும் கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பூத் தொடுக்கிற பெண்களோடு நானும் உட்கார்ந்து தொடுப்பேன். காபி தம்ளர் எடுத்துக் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் வீட்டார் என்னை மறந்துவிடுவார்கள், நான் என் படங்களை எடுத்துக்கொள்வேன். மனுஷருக்குச் செய்வதை நரிக்குச் செய்யாமல், அதன் வீட்டுக்குள் திருடி மாதிரி ஒளிந்திருக்கிறேனே! நரியும் தொரட்டிக்கோல் கூட்டம் மாதிரித்தான் என்னைத் திருடி என்று நினைத்திருக்கும்.

மறுநாள் தோப்புக்குப் போனதும் படுதாவைக் கழற்றி வீசினேன். அன்றிலிருந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தரம் பிரிக்கிற பெண்களோடு குவியலைப் பார்த்தபடி நானும் உட்கார்ந்தேன். அவர்கள் பேசினார்கள், நானும் பேசினேன். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். காய்க் காம்பில் வடியும் மாம்பால் பட்டு என் கையெல்லாம் கொப்பளித்தது. மேஸ்திரி என்னைப் பார்த்து, "காலண்டர் வராட்டி பரவால்லக்கா, நம்ம கூட்டத்துல சேர்ந்துடு, நல்லாத்தான் பொறுக்கற" என்றாள். நரி முதலில் வரப்போடு நின்றது. பிறகு வேலிவரை வந்தது. பிறகு ஒருநாள், வழக்கமான கூட்டம்தான் என்று தெரிந்துகொண்ட மாதிரி, குவியலுக்கே வந்து தின்றது. ஆனால் தலையைத் தூக்கவே இல்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் அதன் முதுகும் வாலும்தான்.

அந்தத் தோப்பில் கடைசிப் பறிப்பு நாளும் வந்துவிட்டது. மறுநாள் கூட்டம் வேறு தோப்புக்குப் போகிறது, குவியலும் இருக்காது, ஃபேக்டரியும் மூடப் போகிறது. இரவு தூறிய மழையில் காற்று கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பிளாஷ் இல்லாமல் எடுக்க வெளிச்சம் போதுமோ போதாதோ என்று எனக்குப் பயம். கை ஆடாமலிருக்க ஒரு பழப் பெட்டியின் மேல் லென்ஸை வைத்துக்கொண்டேன். நரி வந்தது. குனிந்தது. தின்னத் தொடங்கியது. மலைக்கு மேலே மேகம் விலகி, மஞ்சள் வெயில் ஒரு பட்டையாகக் குவியல் மேல் விழுந்தது. ரோலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு படம்.

தூக்கு, தலையைத் தூக்கு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அது தூக்குவதாக இல்லை. வெயில் பட்டை நகர ஆரம்பித்தது. என்ன நினைத்தேனோ தெரியாது, ஸ்டூலில் கைக்குழந்தை உட்கார்ந்திருப்பதாகவே என் நாக்கு நினைத்துக்கொண்டது.

டொக்.

நரி நிமிர்ந்தது. நேராக என்னைப் பார்த்தது. சிரிக்கவில்லை. இரண்டு காதும் தெரிந்தது. மூக்கு நுனியில் மாம்பழச் சாறு வெயிலில் மின்னியது. அழுத்தினேன்.

அது அவசரப்படாமல் இன்னொரு பழத்தைக் கவ்விக்கொண்டு வேலி தாண்டிப் போனது. பெண்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். "புட்ச்சியாக்கா?" என்று மேஸ்திரி மெதுவாகக் கேட்டாள். பிலிமாயிற்றே, எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?

கலர் லேப் திருப்பதியில்தான். அப்படியே மாம்பால் கையோடு பஸ் ஏறினேன். லேப்காரர் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம், கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து, மலையப்பா, கை ஆடியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து லேப்காரர் ஈரம் காயாத பிரிண்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். படத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "எனக்கொரு காப்பி போட்டுக்கட்டுமாம்மா, கல்லாவுக்கு எதிர்ல மாட்டிக்கிறேன்" என்றார். நான் அங்கேயே, அத்தனை பேர் முன்னால், வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதலாளி மேஜையில் பிரிண்டை வைத்தபோது அவர் உட்காரவே இல்லை, நின்றுகொண்டே பார்த்தார். பிறகு, "நக்க தோக தொக்காவும்மா!" என்று கையைத் தட்டினார். தெலுங்கில் அதிர்ஷ்டக்காரியை நரி வாலை மிதித்தவள் என்பார்கள். வாலை மிதித்தால் அவர்களுக்கு, முகத்தில் முழித்தால் நமக்கு. இரண்டு பாஷைக்கும் ஒரே நரி என்று அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

காலண்டர் வந்ததும் ஊரில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்கு அடித்தது உள்ளூரிலேயே தீர்ந்துவிட்டது. மளிகைக் கடை, மருந்துக் கடை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று எங்கே பார்த்தாலும் என் நரி. வீடுகளில் கட்டிலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினார்கள், கண் திறந்ததும் அதன் முகத்தில் முழிக்க வேண்டுமாம். ஃபேக்டரி இரண்டாம் முறை அச்சடித்தது. முதலில் வந்த கட்டிலிருந்து ஒன்றை நான் தோப்புக் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேஸ்திரி அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நம்ம நரிமே!" என்று கத்தினாள். வீட்டுக்காரர் குவைத்தில் தங்கியிருந்த அறையிலும் ஒன்று தொங்கியது. "ரெண்டு காதும் கரெக்டா தெரியுதுடி" என்று போனில் அசடு வழிந்தார். கிண்டல் செய்த வாய்க்கு அந்த வழிசல் போதும் என்று விட்டுவிட்டேன். ஸ்டுடியோவில் லண்டன் சீனரி முன்னால் நின்றவர்கள், "அந்த மாந்தோப்பு சீனரி இருக்குதாம்மா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். புதுத் திரை செய்தேன்.

சில வருஷம் கழித்து ஒரு ஜூன் மாசம் தம்பி என்னை இங்கிலாந்துக்கு அழைத்தான். அதற்கான பாஸ்போர்ட் போட்டோவை நானே டைமர் வைத்து எடுத்துக்கொண்டேன். அவன் வீட்டில் முதல் நாள் காலை கண் விழித்தால், எதிர்ச் சுவரில் மூக்கில் மாம்பழச் சாறோடு என் நரி! வருஷம் முடிந்து எத்தனையோ காலமாகியும் அவன் அந்தக் காலண்டரைக் கழற்றவில்லை.

"இது முகத்துல முழிச்சிட்டுத்தான்கா தெனம் வேலைக்குப் போறேன். அதுக்குப் பின்னால இருக்குது பாரு வெயிலு, அது இங்க எங்கயும் கிடைக்கல" என்றான். வேர்க்குருவும் தூசியும் என்று சொன்ன அதே வாய். ஜெயித்த சந்தோஷத்தோடு எனக்குக் கண்ணும் நிறைந்துவிட்டது.

அன்று மாலை அவன் முயல் எடுத்த அதே வயலுக்குக் கூட்டிப்போனான். இடுப்பளவு புல், சாய்ந்த வெயில், தூரத்தில் புல் அறுத்த ஓரத்தில் ஒரு முயல் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. தம்பி புல்லுக்குள் படுத்துக்கொண்டு, குனியச் சொல்லி எனக்குக் கையைக் காட்டினான். நான் குனியவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு, ஓரமாகப் பூப் பறிக்கிற மாதிரி நடந்து நடந்து பக்கத்தில் போய், கேமராவைத் தூக்கி, நாக்கால் ‘டொக்’ என்றேன். சீமை முயலும் நிமிர்ந்து, நேராகப் பார்த்தது. இரண்டு காதும் தெரிந்தது.

ஊரை விட்டுப் போகிறவர்களின் முகத்தை மட்டுமே எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, எங்கும் போகாமல் இருக்கிற ஊருக்கும் நேராக நிமிர்ந்து பார்க்கிற ஒரு முகம் உண்டு என்று அந்த நரிதான் காட்டியது. இன்றும் ‘பாஸ்போர்ட் போட்டோ அம்மா’ என்று யாராவது கூப்பிட்டால், என் முதுகு தானாகவே நிமிர்ந்துகொள்கிறது.